கடலூருக்கு மரத்தால் ஒரு கால்பந்து அரங்கம்: முடியுமா?

தென்பெண்ணை | 8 ஜூன் 2025, இரவு 9.40

இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்றொரு கால்பந்துக் கழகம் இருக்கிறது. ஏறத்தாழ 6,000 பேர் வாழும் நெய்ல்ஸ்வொர்த் என்ற ஊரின் கழகம் அது. 5,000 பேர் அமரும் அரங்கத்தை ஏறக்குறைய முழுவதும் மரத்தால் கட்ட அவர்கள் திட்டமிட்டார்கள். நம் கடலூரில் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை. நம் கழகத்துக்குச் சொந்த மைதானமும் இருக்கிறது. 1,000 பேர் அமரும் மரக் கேலரி ஒன்றை நாம் ஏன் கட்டக் கூடாது? கான்கிரீட்தான் வேண்டும் என்பவர்கள் காரணத்தைச் சொல்லட்டும்.

கெடிலக்கரையான் | 9 ஜூன், காலை 6.10

எதிர்க்க வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கட்டட மேற்பார்வையில் கம்பியும் சிமென்ட் மூட்டையும் எண்ணியவன் என்பதற்காக என்னைக் கான்கிரீட் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். அந்த மர அரங்கத்தின் வரைபடத்தைக் கழக நண்பர்கள் நால்வருக்கு முதலில் அனுப்பியவனே நான்தான்.

தெரியாதவர்களுக்காக அந்தக் கழகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1889-இல் தொடங்கிய கழகம் அது. 2010-இல் காற்றாலை மின்சார நிறுவனமான எக்கோட்ரிசிட்டியின் உரிமையாளர் டேல் வின்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். புல்லுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது நின்றது. சூரிய மின்சாரத்தில் ஓடும் தானியங்கி இயந்திரம் புல் வெட்டத் தொடங்கியது. 2015 முதல் மைதானத்தில் விற்கும் உணவில் இறைச்சி மட்டுமன்றிப் பாலும் இல்லாமற்போனது. 2017-இல் அவர்கள் ஆங்கிலேயக் கால்பந்தின் நான்காம் அடுக்குக்கு, அதாவது கால்பந்து லீகின் கடைசி அடுக்குக்கு ஏறியபோது, அந்த லீகில் இடம்பெற்ற ஊர்களிலேயே மிகச் சிறியது என்ற பெயர் நெய்ல்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது. அரங்க வடிவமைப்புப் போட்டியில் 2016 நவம்பரில் சாஹா ஹதீத் நிறுவனம் வென்றது. 2019 ஜூனில் உள்ளாட்சி மன்றம் திட்டத்தை நிராகரித்து, அதே ஆண்டு டிசம்பரில் அனுமதித்தது.

மரத்தின்மேல் அவர்களுக்கு இருக்கும் பிடிப்புக்கு நியாயம் உண்டு. சிமென்ட் தயாரிப்பில் வெளியேறும் கரிவளியில் (கார்பன் டை ஆக்சைடில்) பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல் சூளையில் சுண்ணாம்பாக மாறும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது அது. ஆகவே சூளையை எந்த எரிபொருளால் எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. மரமோ வளரும் காலத்தில் காற்றிலிருந்து இழுத்த கரியைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. கூரைமேல் சூரியத் தகடு பதித்துவிட்டுப் பசுமை அரங்கம் என்று பலகை மாட்டுவோரைக் காட்டிலும், தூணும் இருக்கையும் எதனால் ஆனவை என்று கேட்டவர்கள் நேர்மையானவர்கள் என்பது என் கருத்து.

கெடிலக்கரையான் | 9 ஜூன், இரவு 10.25

காலையில் எழுதியதை மாலையில் மீண்டும் படித்தேன். எந்த மரம் என்று நான் கேட்கவே இல்லை.

அவர்கள் சொல்லும் மரம் ஊசியிலைக் காட்டு மரத்தை அறுத்துப் பலகையாக்கி, பசையிட்டு அடுக்கி, அழுத்தித் தடித்த உத்திரமாக்கியது. தடித்த உத்திரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் கரியாகும்; வெளியே கரி படிய, உள்ளே மரம் சுமையைத் தாங்கிக்கொண்டே நிற்கும். அரை மணி நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 21 மில்லிமீட்டர் போனாலும் 40 சென்டிமீட்டர் உத்திரத்துக்கு அது பெரிய இழப்பன்று. நாலைந்து ஆண்டில் வெட்டும் நம் சவுக்குக் கழியின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே அரை மணி நேரத்தில் மிஞ்சுவது 58 மில்லிமீட்டர். அதன்மேல் ஆயிரம் பேரை உட்கார வைக்க நான் கையெழுத்திட மாட்டேன்.

1985 மே 11-ஆம் நாள் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்ததைக் கால்பந்து பார்ப்பவர்கள் அறிந்திருப்பார்கள். பழைய மரக் கேலரியின் பலகைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் ஒரு சிறு நெருப்பு விழுந்தது. சில நிமிடங்களில் கேலரி முழுவதும் எரிந்தது. 56 பேர் இறந்தார்கள். அந்தக் கேலரியை இடித்துப் புதிதாகக் கட்டுவது அப்போதே முடிவாகியிருந்தது. நம் கழகத்தில் கேலரிக்கு அடியில் குப்பை சேராது என்று சத்தியம் செய்யக்கூடியவர் யாரேனும் இருந்தால் முன்வரட்டும். கடலைத்தோல் பொட்டலங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கெடிலக்கரையான் | 10 ஜூன், காலை 7.05

கரையான் என்று பெயர் வைத்துக்கொண்டு கரையானைப் பற்றிப் பேசாமல் இருக்கிறீரே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கெடிலம் ஆற்றின் கரையில் இருப்பவன் என்ற பொருளில் வைத்த பெயர் அது. இருந்தாலும் கேள்வி நியாயமானது.

1990-களில் எங்கள் கோல் கம்பங்கள் சவுக்கால் ஆனவை. சுண்ணாம்பு அடித்து நட்டிருந்தோம். ஓர் ஆட்டத்தில் பந்து வலப்பக்கக் கம்பத்தில் சாதாரணமாகத்தான் பட்டது. கம்பம் தரைமட்டத்தில் முறிந்து, குறுக்குக் கழியோடு கோல்காப்பாளரின் தோளில் சாய்ந்தது. முறிந்த இடத்தில் சுண்ணாம்புத் தோல் மட்டும் இருந்தது. உள்ளே ஈர மண்ணும் வெள்ளைப் புழுக்களுமாகக் கரையான் குடியிருந்தது. கோல் செல்லுமா செல்லாதா என்று அன்று நடந்த சண்டை இன்றுவரை முடியவில்லை. காப்பாளருக்குக் காயமில்லை.

பனை வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைக் கரையான் எளிதில் தொடாது என்பது உண்மை. எங்கள் பாட்டன் வீட்டுக் கூரைச் சட்டங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. அனுமதி கிடைத்தாலும் நான் கேட்க மாட்டேன். பசுமை அரங்கத்துக்காக நூறு பனையை வெட்டினோம் என்று எழுதி வைக்கவும் முடியாது.

கெடிலக்கரையான் | 14 ஜூன், இரவு 9.50

இன்று மாலை அளவு நாடாவுடன் மைதானத்துக்குச் சென்று வந்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பார்த்தும் கவனியாத ஒன்றை இன்றுதான் கவனித்தேன்: நாம் எல்லோரும் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

மைதானம் நெடுக்கில் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது, அது சரிதான். ஆனால் நம் பழைய படிக்கட்டு கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் சாலையும் டீக்கடையும் அந்தப் பக்கம். நாலரை மணி ஆட்டத்தில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கிறது. முதல் வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஒரு கையைப் புருவத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் துண்டை முக்காடாகப் போட்டு அதன் நுனியைப் பல்லில் கடித்திருந்தார். ஒருவர் குடை விரிக்க, பின்னாலிருந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். மேற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் போகும். முதுகுப்பக்கம் நிழல் தரும் ஏதேனும் இருந்தால் கூரையே தேவைப்படாமற்போகலாம்.

இங்கிருந்து எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். மேற்கில் 90 மீட்டர் நீளத்துக்கு மண்ணை மேடாகக் கொட்டி, 3 மீட்டர் உயரத்தில் படி வெட்டிவிட்டால் என்ன? ஒரு படி 40 சென்டிமீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஏழு வரிசை கிடைக்கும். ஆளுக்கு அரை மீட்டர் என்று கணக்கிட்டால் 1,260 பேர் அமரலாம். முன்பக்கப் படிகளுக்கு 5.6 மீட்டர், பின்பக்கச் சரிவுக்கு 3.4 மீட்டர், ஆக அடியகலம் 9 மீட்டர். சரிவைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர். அதற்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்து மணலில் அதைத்தான் பயிரிடுகிறார்கள்.

மண் எவ்வளவு? 1,215 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் (யூனிட்டுக்கு நூறு கன அடி) 430 யூனிட், மூன்று யூனிட் லாரியில் 143 நடை. அத்தனை சவுடு மண்ணை வேறோர் இடத்தில் தோண்டி, டீசல் எரித்து இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டு அதைப் பசுமை என்பது எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆகவே மைதானத்தின் வடகிழக்கு மூலையில், இப்போது முள்செடி மண்டிக் கிடக்கும் இடத்தில், 40 மீட்டருக்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குட்டை வெட்டினால் 1,200 கன மீட்டர் மண் அங்கேயே கிடைக்கும். மேடும் ஆயிற்று, மழைநீருக்குக் குட்டையும் ஆயிற்று. வரும் வழியில் இதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

கெடிலக்கரையான் | 15 ஜூன், காலை 5.40

தூக்கம் வரவில்லை, கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டின்மேல் 90-க்கு 9 மீட்டர் கூரை போட்டால் 810 சதுர மீட்டர். நமக்கு ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர் என்று கொண்டால் கூரையிலிருந்து மட்டும் 9.7 லட்சம் லிட்டர் கிடைக்கும். நம் ஆடுகளம் 100-க்கு 64. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்றால் 32,000 லிட்டர். முப்பது நாள் பாய்ச்சலாம்.

கெடிலக்கரையான் | 15 ஜூன், காலை 11.15

திருத்தம். கூரையில் விழும் நீரெல்லாம் தொட்டிக்கு வந்து சேராது. எண்பது விழுக்காடு வந்தாலே பெரிது. 7.8 லட்சம் லிட்டர், 24 நாள். தூக்கமின்றிப் போட்ட கணக்கை மேலேயே விட்டுவைக்கிறேன், மற்றவர்கள் சிரிக்கட்டும்.

கெடிலக்கரையான் | 19 ஜூன், இரவு 8.30

மைதானத்துக்கு மேற்குத் தெருவில் குடியிருக்கும் அம்மா ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன். "தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தீர்களா ஐயா?" என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது.

பார்க்கவில்லை. கடலூர் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிந்த ஊர். அந்தத் தெருவின் மழைநீர் மைதானத்தின் வழியாகத்தான் கெடிலத்துக்குப் போகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் அந்த வீடுகளில் நீர் நின்றதை நான் கண்ணால் பார்த்தவன்; 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரில் தென்பெண்ணை ஆறு கரை மீறி ஊருக்குள் வந்ததையும் பார்த்தவன். இவ்வளவையும் பார்த்த நான், 90 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் உயரத்தில், அந்தத் தெருவுக்கும் ஆற்றுக்கும் குறுக்கே ஓர் அணையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். அணைக்குக் கேலரி என்று பெயரும் வைத்திருக்கிறேன். அப்பரைக் கல்லோடு கரையேற்றிய ஊர் என்பதால் எதைக் கட்டினாலும் மிதக்கும் என்று நினைத்துவிட்டேன் போலும்.

அந்த அம்மாவுக்கு நன்றி. மேட்டில் 6 மீட்டர் அகலத்தில் இரண்டு இடைவெளி விடுவதே வழி. மழைக்காலத்தில் நீருக்கும், ஆட்ட நாளில் ஆட்களுக்கும் அதுவே பாதையாகும். மேட்டின் நீளம் 78 மீட்டராகக் குறைகிறது. இருக்கை 1,092 ஆகிறது. இன்னும் ஆயிரத்துக்கு மேல்தான். இடைவெளிகளின் அடித்தளத்தைத் தெருவின் மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும், வாயில்களில் கதவு போடக் கூடாது. கதவு போட்டால் யாராவது பூட்டிவிட்டுச் சாவியோடு வெளியூர் போய்விடுவார்கள், மழை அன்றைக்குத்தான் வரும்.

ஒரு சிறு ஆறுதல். தோண்டிய மண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கினால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காவது அளவு சுருங்கும் என்பதை முந்தைய கணக்கில் மறந்திருந்தேன். 1,200 கன மீட்டர் 1,056 ஆகும். இடைவெளி விட்ட பிறகு மேட்டுக்குத் தேவை 1,053. தவறும் தவறும் சேர்ந்து கணக்கு நேராகிவிட்டது.

கெடிலக்கரையான் | 22 ஜூன், மாலை 6.00

கூரை பற்றி இரண்டு நாளாக இங்கே வாக்குவாதம். தகரம், பாலிகார்பனேட், இங்கிலாந்துக்காரர்கள் வரைந்ததைப் போல ஒளி ஊடுருவும் திரைக்கூரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கூரையைத் தூக்கும் விசை நான்கு மடங்காகும். நம் உடைமாற்றும் அறையின் தகரத் தாள் ஒன்றைப் புயலுக்கு மறுநாள் நாலு தெரு தள்ளி ஒரு புளியமரத்தின் கிளையில் கண்டுபிடித்தோம். சப்பாத்தியைப் போல் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வரிசைக்கு நிலையான கூரை போட வேண்டுமானால், அந்தக் கூரையைப் புயலில் பிடித்து வைப்பதற்கான அடித்தளக் கான்கிரீட் நாம் மிச்சம் பிடித்த சிமென்ட்டையெல்லாம் விழுங்கிவிடும்.

ஆகவே பந்தல் என்று யோசித்தேன். கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்கு 974 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, பிறகு பிரித்தெடுக்கும்படி ஓர் அரங்கம் கட்டியதை உலகமே வியந்தது. திருவிழாவுக்குத் திருவிழா பந்தல் போட்டுப் பிரிக்கிற நமக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? ஜனவரியில் சவுக்குக் கழி நட்டுக் கீற்று வேய்ந்து, செப்டம்பர் இறுதியில் பிரித்துவிடலாம். புயல் மாதங்களில் மைதானம் சேறாக இருப்பதால் எப்படியும் ஆட்டம் இல்லை.

கெடிலக்கரையான் | 22 ஜூன், இரவு 11.20

மாலையில் எழுதியதில் கீற்று என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 2004 ஜூலை 16 கும்பகோணத்தை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். ஆயிரம் பேர் கூடும் இடத்தில், வெற்றி பெற்றால் சரவெடி கொளுத்துகிற கூட்டத்தின் தலைக்கு மேல் கீற்று வேயக் கூடாது. பிராட்ஃபோர்டைப் பற்றி அவ்வளவு எழுதியவனுக்கு நம் பக்கத்து ஊர் நினைவுக்கு வராமற்போனது வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. செப்டம்பரில் கூரையைப் பிரித்துவிட்டால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழையைப் பிடிக்கக் கூரையே இருக்காது. ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். 24 நாள் கணக்கும் போயிற்று, 30 நாள் கணக்கும் போயிற்று.

கெடிலக்கரையான் | 29 ஜூன், காலை 8.45

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆடுகளத்தைப் பார்க்கத் தவறினோம். அதன் பரப்பு 6,400 சதுர மீட்டர், கூரையைப்போல் எட்டு மடங்கு. அதில் விழும் மழையில் கால் பங்கு ஓரக் கால்வாய்க்கு வந்தாலும் ஆண்டுக்கு 19 லட்சம் லிட்டர். குட்டையின் கொள்ளளவே 12 லட்சம்தான். குட்டை நிறைந்து வழிவது ஆற்றுக்குப் போகட்டும்.

குட்டை மழைக்காலத்தில் நிலத்தடி நீரால் தானே நிறைந்துவிடும், அதில் மழைநீருக்கு எங்கே இடம் என்று, இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த தென்பெண்ணை கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நவம்பரில் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் கையால் மொண்டு எடுக்கலாம். அப்படியென்றால் குட்டை கோடைக்கான தொட்டியாக முழுப் பயன் தராது. ஆனால் மேலே நிற்கும் நல்ல நீர் கீழேயிருக்கும் உப்பு நீரை அழுத்தி வைக்கும். அதன் அருமை பின்வரும் கதையைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கொரியன் புல் என்று சொல்லிக் கம்பளம் கம்பளமாகக் கொண்டுவந்து பாதி ஆடுகளத்தில் விரித்தார். போர்த் தண்ணீரைப் பாய்ச்சினோம். மூன்றாம் வாரத்தில் மண்ணின்மேல் பொடி உப்பு தூவியது போல வெள்ளை படிந்தது. ஆறாம் வாரத்தில் புல் வைக்கோலானது. கோல் பகுதியின் விளிம்பில், யாரும் நடாத அறுகு மட்டும் அந்த வைக்கோலுக்கு நடுவே பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. வெயில் நாடுகளின் ஆடுகளங்களில் பெர்முடா புல் என்று பெயர் சொல்லி விலைக்கு விற்பது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகம்புல் இனம்தான். கொரியன் புல்லுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி நான் இங்கே பேச விரும்பவில்லை, பொருளாளர் இதைப் படிக்கிறார்.

செயற்கைப் புல் போட்டால் தண்ணீரே வேண்டாமே என்பவர்களுக்கு: மே மாதத்துப் பிற்பகலில் மணிக்கு வாடகை கொடுத்து ஆடும் டர்ஃப் ஒன்றில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் தூவும் பழைய டயர்த் துகள் மழையில் அடித்துக்கொண்டு கால்வாய்க்குத்தான் போகும். அத்தகைய துகள் நிரப்பலின் விற்பனைக்கு 2031 முதல் தடை வரும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் செய்துவிட்டது. அங்கே கழிப்பதை இங்கே புதிதாக விரிக்க வேண்டுமா?

கெடிலக்கரையான் | 6 ஜூலை, இரவு 9.00

விளக்கு. பயிற்சிக்கு 400 வாட் எல்.இ.டி. 40 போதும், 16 கிலோவாட், இரண்டு மணி நேரம், 32 யூனிட். நாளுக்குச் சராசரி 32 யூனிட் தர 8 கிலோவாட் சூரியத் தகடு வேண்டும். (மண்ணும் யூனிட், மின்சாரமும் யூனிட் என்று குழம்புகிறவர்கள் மன்னிக்கவும்.) பகலில் தருவதை இரவில் திரும்பப் பெறும் கணக்கில் இணைப்பு வாங்கினால் பேட்டரி தேவையில்லை. ஆனாலும் அந்த இரவு மின்சாரம் பெரும்பாலும் நெய்வேலியிலோ வேறெங்கோ நிலக்கரியை எரித்துத்தான் வரும் என்பதை மறைக்கக் கூடாது. மாலை ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துக்கொண்டால் ஆண்டில் பாதி நாள் விளக்கைப் பெரிதாகத் தொட வேண்டியிராது. கடற்காற்றில் சாதாரண இரும்புக் கம்பம் ஐந்தாறு ஆண்டில் அப்பளமாகும். துத்தநாகம் பூசியதுதான் வேண்டும்.

கெடிலக்கரையான் | 13 ஜூலை, காலை 7.30

பைபாஸ் ஓரத்தில் ஐந்து ஏக்கர் தருவதாக நல்ல மனமுள்ளவர் ஒருவர் கழகத்தில் சொல்லியிருக்கிறாராம். அங்கே போனால் மண்மேடும் குட்டையும் வெள்ளக் கவலையும் இல்லாமல், இங்கிலாந்துக்காரர்களைப் போல மரத்தாலேயே பெரிதாகக் கட்டலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

அந்த இங்கிலாந்துத் திட்டத்தில் எனக்கு உறுத்திய ஒன்று இதுதான். அவர்களுடைய இப்போதைய மைதானம் ஊரின் குன்றுமேல் இருக்கிறது. புதிய அரங்கத்துக்கு அவர்கள் தேர்ந்த இடம் ஊரைவிட்டுச் சில மைல் தள்ளி, எம்5 நெடுஞ்சாலையின் 13-ஆவது சந்திப்பு அருகில். 500 மரம் நடுவதாகவும் சொன்னார்கள். ஆனால் அங்கே நடந்து வருபவர் எத்தனை பேர்? மரத்தூணில் சேமித்ததைக் கார் நிறுத்துமிடத்தில் செலவழிப்பது போன்றது அது.

நேற்று ஆட்டம் முடிந்தபின் வாயிலில் நின்று எண்ணினேன். சைக்கிள் 43, இரு சக்கர வண்டி 71, கார் 4, அந்த நாலில் ஒன்று நடுவருடையது. மற்றவர்கள் நடந்தும் டவுன் பஸ்ஸிலும் வந்தவர்கள். சைக்கிளில் வந்தவர்களில் பெரும்பாலோர் பதினாறு வயதுக்குக் கீழ். பைபாஸுக்குப் போனால் நாம் முதலில் இழப்பது அந்தப் பிள்ளைகளை. அவர்களுடைய தாய்மார் அந்தச் சாலையில் சைக்கிள் மிதிக்க விட மாட்டார்கள். நானாக இருந்தாலும் விட மாட்டேன்.

ஃபாரஸ்ட் கிரீன் 2022-இல் மூன்றாம் அடுக்குக்கு ஏறி, 2023-இலும் 2024-இலும் அடுத்தடுத்து இறங்கி, லீகைவிட்டே வெளியேறியது. அனுமதி பெற்ற மர அரங்கம் இதை எழுதும்வரை எழும்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. புல்லும் சமையலும் சூரியத் தகடுமாக அவர்கள் செய்து காட்டியதெல்லாம் பழைய மைதானத்திலேயே செய்தவை.

கெடிலக்கரையான் | 20 ஜூலை, மாலை 5.15

உடைமாற்றும் அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம் ஊர்ப் பெண். நம் மைதானத்தில் பயிற்சிக்கு வரும் சிறுமிகள் இன்றைக்கும் உடை மாற்றப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கழிப்பறை இல்லாத அரங்கம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கு மட்டும் சுவர் எழுப்பலாம். ஆரோவில்லில் மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் சேர்த்து, கைவிசை அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமல் நிழலில் உலர்த்திய கல்லால் பார்வையாளர் மையத்தையே கட்டியிருக்கிறார்கள். 1992-இல் அதற்கு ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. சென்ற மாதம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். மழைச்சாரல் படும் கீழ்வரிசைகள்கூடக் கரையவில்லை. குட்டை மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்திருக்கிறேன். அடியில் மணல் மூன்று விரல், மேலே களி ஒரு விரல். வீட்டில் அந்தப் புட்டியை ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிட்டார்கள்.

கெடிலக்கரையான் | 3 ஆகஸ்ட், இரவு 8.50

கூரைக்கு விடை மரம்தான், வெட்டாத மரம். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்க, பனைகள் நின்றதை எல்லோரும் பார்த்தோம். பனை நிழல் தராது, பூவரசு தரும். முறிந்தாலும் மீண்டும் தழைக்கும். உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது. நாற்றுக்குக் காத்திருக்காமல் கைத்தடிப் பருமனில் கிளையைப் போத்தாக வெட்டி நட்டாலே துளிர்க்கும். மேட்டின்மேல் நட்டால் வேர் படியைப் பிளக்கும் என்பதால் மேட்டுக்கு மேற்கே, சரிவின் அடியில் நட வேண்டும். மரம் 3 மீட்டர் மேட்டைத் தாண்டி வளர்ந்து நிழல் தர ஆறேழு ஆண்டாகும். அதுவரை துண்டு.

மேட்டுக்கு நிதியும் அனுமதியும் வரும்போது வரட்டும். போத்துக்கு இரண்டும் வேண்டாம்.

கெடிலக்கரையான் | 19 அக்டோபர், காலை 7.20

ஆகஸ்ட் இறுதியில் மேற்கு ஓரத்தில் 22 போத்து நட்டோம். நிலவரம் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். 15 துளிர்த்திருக்கின்றன. மூன்று பட்டுவிட்டன. இரண்டை ஆடு தின்றது. ஆட்டுக்காரர் கழகத்தின் பழைய இடதுபக்க ஆட்டக்காரர் என்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மீதி இரண்டும் துளிர்க்குமா என்று தெரியும் முன்பே, அவற்றுக்கு நடுவே சிறுவர்கள் கோல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இடைவெளியை அளந்து பார்த்தேன், 2 மீட்டர் 80. நேற்றைய மழையில் ஒரு பையன் அடித்த பந்து இடப்பக்கப் போத்தில் பட்டு வெளியே போனது. போத்து முறியவில்லை.